கடனட்டைக்கு முதல் கிறிப் அறிக்கை: திருகோணமலையிலிருந்து எடுத்துப் பார்த்தால்

"கிறிப்பில பேர் விழுந்திட்டு" என்று உவர்மலையிலும் கிண்ணியாவிலும் சொல்பவர்கள், கொழும்பில் ஏதோ கறுப்புப் பட்டியல் இருப்பதாக நம்பித்தான் சொல்கிறார்கள். அப்படி ஒரு பட்டியல் கிடையாது. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம் (CRIB, இதைத்தான் கிறிப் என்கிறோம்), வங்கிகளும் நிதி நிறுவனங்களும் மாதாமாதம் அனுப்பும் நம் கடன் கணக்கைச் சேர்த்து வைக்கிறது, அவ்வளவுதான். அட்டை தருவதா மறுப்பதா என்று முடிவெடுப்பது வங்கி. வங்கி பார்க்கப்போகும் அதே கணக்கை விண்ணப்பத்துக்கு முதலே நாமும் வாங்கிப் பார்க்கலாம். கடனட்டை எடுக்க நினைப்பவர் முதற்காசை இதற்குத்தான் செலவழிக்க வேண்டும்.

வாங்குவதற்கு இரண்டு வழி உண்டு. பணியகத்தின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, மின்னஞ்சல் கொடுத்துப் பதிந்து, ஆளை உறுதிப்படுத்தி, கட்டணம் செலுத்தினால் அறிக்கை மின்னஞ்சலுக்கு வரும். அது சரிவராதவர்கள் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளையில் கேட்கலாம். நாமே நம் அறிக்கையை எடுப்பதால் கடன் புள்ளி, அதாவது நாம் கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் எண், குறையாது. இந்தப் பயத்தாலேயே பலர் எடுக்காமல் விடுகிறார்கள். ஊர்க்காரருக்குள்ள பெரிய குறை, திருகோணமலையில் பணியகத்துக்குக் கிளை இல்லாதது. நேரில் பேச வேண்டுமென்றால் கொழும்புக் கோட்டைக்குத்தான் போக வேண்டும். மூதூரிலிருந்து வருபவருக்கு அது ஒரு நாள் கூலியும் இரண்டு பயணமும். கிழக்குக்கு ஒரு கருமபீடமாவது வேண்டும்.

அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோரும் 250க்கும் 900க்கும் இடையிலுள்ள புள்ளியைத்தான் தேடுவார்கள். அதற்கு முன் முதற்பக்கத்தைப் பாருங்கள். 9 இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அடையாள அட்டை இலக்கம் புதிய முறையில் 12 இலக்கமாகிறது: பிறந்த ஆண்டின் முன்னால் 19 சேரும், நாளைக் குறிக்கும் மூன்று இலக்கத்துக்குப் பின் ஒரு 0 சேரும், கடைசி எழுத்து போய்விடும். பழைய லீசிங் ஒரு இலக்கத்திலும் புதிய கடன் மற்றதிலும் பதிந்திருந்தால் இரண்டும் இந்த அறிக்கைக்குள் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பெயரிலும் இதே சிக்கல். நம் ஆட்களுக்குத் தகப்பன் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் இன்னோரிடத்தில் முழுப்பெயராகவும் இருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே பெயருக்கு மூன்று எழுத்துக்கூட்டல் வரும். அடையாள அட்டையில் உள்ளபடியே எல்லா இடத்திலும் இருக்கட்டும்.

அடுத்தது கடன் வரிகள். ஒவ்வொரு கடனுக்கும் தொகை, நிலுவை, மாதவாரியாக எத்தனை நாள் தவணை பிந்தியது என்பது இருக்கும். பிணை நின்ற கடன்களும் அங்கேயே நிற்கும். பலரைத் திடுக்கிட வைக்கும் இடம் இதுதான். உறவுக்காரப் பெடியனின் முச்சக்கர வண்டிக்குக் கையெழுத்து வைத்த ஆசிரியர், தன் சம்பளத்தில் ஒரு தவணையும் பிந்தாதவராக இருந்தாலும், அவன் கட்டாமல் விட்ட மாதங்கள் அவரது அறிக்கையிலும் தெரியும். பணமில்லாமல் திரும்பிய காசோலைகளும், எந்தெந்த நிறுவனம் உங்களைப் பற்றி விசாரித்தது என்ற விபரமும் இருக்கும்.

பிழை கண்டால் பணியகத்தோடு சண்டை பிடித்துப் பயனில்லை. கடன் கொடுத்த நிறுவனம் திருத்தி அனுப்பாமல் பணியகம் தானாக மாற்றாது. அறிக்கையை வைத்துப் பணியகத்திடம் ஆட்சேபம் கொடுங்கள். அதே நாளில் கட்டிய பற்றுச்சீட்டுப் பிரதிகளோடு கடன் எடுத்த கிளைக்கும் எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். நிலுவையைக் கட்டி முடித்தவர்கள் அடுத்த நாளே மாறவில்லை என்று பதறக்கூடாது. தரவு மாதத்துக்கு ஒருமுறைதான் போகிறது. ஒரு மாத சுற்று முடிந்த பிறகு திரும்ப எடுத்துப் பாருங்கள், அதற்குப் பிறகு விண்ணப்பியுங்கள்.

விண்ணப்பத்தில் நடக்கும் பெரிய தவறு, ஒரே கிழமையில் மூன்று நான்கு வங்கிக்குக் கொடுப்பது. வேலையிடத்துக்கு வரும் அட்டை முகவர் "படிவத்தை நிரப்புங்க, பிறகு பாப்பம்" என்பார். கையெழுத்து வைத்தால் அது அறிக்கையை எடுக்க நீங்கள் கொடுத்த சம்மதம். ஒவ்வொன்றும் ஒரு விசாரணையாகப் பதியும், அடுத்த வங்கி அதைக் கடன் தேடி அலைபவர் என்றே வாசிக்கும். சம்பளம் விழும் வங்கி ஒன்றில் மட்டும் கேளுங்கள், அவர்களிடம் உங்கள் வரவு செலவு ஏற்கனவே இருக்கிறது. அடையாள அட்டைப் பிரதி, கடைசி மூன்று மாதச் சம்பளச் சிட்டை, வங்கிக் கூற்று, விலாசத்துக்கு மின்சாரப் பட்டியல் இவ்வளவும் போதுமாக இருக்கும். சொந்தத் தொழில் என்றால் வியாபாரப் பதிவும் வேண்டும். நிலாவெளி, உப்புவெளியில் விடுதித் தொழில் செய்பவர்கள் ஓகஸ்ட், செப்டம்பரில் கொடுத்தால் சீசன் வருமானம் கூற்றில் தெரியும். மாரியில் கொடுத்தால் வெறும் மாதங்களே தெரியும்.

இதுவரை கடனே எடுக்காதவருக்கு வரலாறு இல்லாததால் புள்ளியும் இராது. அவர் நிலையான வைப்பை ஈடாக வைத்து அட்டை கேட்பதே நல்லது. வங்கிக்கு ஆபத்து குறைவு, மறுப்பும் குறைவு.

அட்டை கிடைத்த பின் புள்ளியைக் கெடுப்பது பெரும்பாலும் மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டும் பழக்கம். 80,000 ரூபா நிலுவை, ஆண்டுக்கு 26 சதவீத வட்டி, குறைந்தபட்சம் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கட்டும் 4,000 ரூபாவில் ஏறத்தாழ 1,733 ரூபா அந்த மாத வட்டிக்கே போய்விடும், அசலில் குறைவது 2,267 மட்டும். பிந்தாமல் கட்டுகிறீர்கள்தான், ஆனாலும் எல்லையை ஒட்டிய நிலுவை மாதக்கணக்கில் அறிக்கையில் கிடக்கும். 100,000 எல்லையில் 30,000க்குள் நின்று, முழுவதையும் கட்டிவிடுங்கள். ஏரிஎம்மில் அட்டையைப் போட்டுக் காசு எடுக்கவே வேண்டாம். அதற்குக் கட்டணமும் உண்டு, வட்டியில்லாக் காலமும் கிடையாது.

இன்னொன்று, பாவிக்காமல் அலுமாரியில் கிடக்கும் அட்டை. வருடக் கட்டணம் விழும், கூற்று பழைய விலாசத்துக்குப் போகும், சில ஆயிரம் ரூபா நிலுவை பிந்திய கடனாக ஏறும். அட்டையை வெட்டி எறிந்தால் கணக்கு மூடாது. எழுத்தில் கேட்டு, கடைசி நிலுவையைக் கட்டி, கணக்கு மூடப்பட்டதென்ற கடிதத்தை வாங்கி அடையாள அட்டைப் பிரதியோடு சேர்த்து வையுங்கள்.