போஸ்ட்கிரெஸ் ரிலீஸ் நோட்ஸ்: பல வருடம் படித்த பிறகு

டேட்டாபேஸ் பராமரிப்பு என் வேலை. போஸ்ட்கிரெஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸில் எந்த அப்டேட் வந்தாலும், என்ன மாறியது என்று சொல்லும் அதன் ரிலீஸ் நோட்ஸை முதலில் படித்துவிடுவேன். நான் பார்த்தவரை ஓப்பன் சோர்ஸில் இவ்வளவு அக்கறையாக எழுதுபவர்கள் குறைவு.

2022 ஜூனில் வந்த 14.4 வெர்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான அட்டவணைக்கு வெளியே, அவசரமாக வந்தது. டேபிளில் எழுதுவதை நிறுத்தாமலே இண்டெக்ஸ் (தரவை வேகமாகத் தேட உதவும் பட்டியல்) உருவாக்க 'கன்கரன்ட்லி' என்ற வழி உண்டு. 14.0 முதல் 14.3 வரை அப்படி உருவாக்கிய இண்டெக்ஸ்கள் பழுதாகியிருக்க வாய்ப்பிருந்தது. குறிப்பைத் திறந்ததுமே விஷயம் வந்துவிடும்: 14-இல் இருப்பவர்கள் டேட்டாவை டம்ப் எடுத்து (வெளியே நகலெடுத்து) ரீஸ்டோர் செய்யத் தேவையில்லை, ஆனால் கன்கரன்ட்லி போட்டு உருவாக்கிய இண்டெக்ஸ் இருந்தால், அப்டேட் முடிந்ததும் ரீஇண்டெக்ஸ் செய்யுங்கள், அதாவது அதை மறுபடி உருவாக்குங்கள். பழுதின் உள்விவரமெல்லாம் அப்புறம்தான். ராத்திரி சர்வரை நிறுத்தப்போகிறவருக்கு 'எனக்குப் பாதிப்பு உண்டா, நான் என்ன செய்யணும்' என்பதுதான் முதலில் தெரிய வேண்டும்.

15-இல் இன்னும் அழகு. பப்ளிக் ஸ்கீமாவில் (டேட்டாபேஸுக்குள் எல்லோருக்கும் பொதுவான பகுதியில்) யார் வேண்டுமானாலும் டேபிள் உருவாக்கலாம் என்ற பழைய அனுமதியை எடுத்துவிட்டார்கள். சொன்னதோடு விடவில்லை. இது புதிதாக உருவாக்கும் டேட்டாபேஸ்களுக்குத்தான், அப்கிரேடு செய்தால் பழைய அனுமதி அப்படியே தொடரும் என்று எழுதினார்கள். பழையதையும் இறுக்க வேண்டுமா, அனுமதியை நீங்களே ரத்து செய்யுங்கள். புதியதில் பழைய வழக்கமே போதுமா, திரும்பக் கொடுங்கள் என்று இரண்டு பக்கமும் வழி காட்டினார்கள். அப்கிரேடு செய்ததாலேயே பாதுகாப்பு வந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்ற கவனம் அது.

நாங்கள் பயன்படுத்தும் வேறொரு லைப்ரரி இருக்கிறது. எந்த வெர்ஷன் வந்தாலும் 'பிழைகள் சரிசெய்யப்பட்டன' என்ற ஒரே வரி. ஒரு ஃபங்ஷனின் பெயர் மாறியதைக்கூட கமிட்களை (கோட் மாற்றப் பதிவுகளை) தோண்டித்தான் கண்டுபிடித்தோம். நல்ல குறிப்பு எழுதப் பெரிய உழைப்பு ஒன்றும் வேண்டாம். மாற்றக் குறிப்புகளை எப்படி எழுதுவது என்று சொல்லும் 'கீப் எ சேஞ்ச்லாக்' என்ற வழிகாட்டி 2014-லிருந்தே எளிய வடிவம் ஒன்றைத் தருகிறது: சேர்த்தது, மாற்றியது, கைவிடப்போவது, நீக்கியது, சரிசெய்தது, பாதுகாப்பு. மாற்றம் செய்த அன்றே உரிய தலைப்பின் கீழ் ஒரு வரி எழுதிவைத்தால் வெளியீட்டு நாளில் பாதி வேலை முடிந்திருக்கும்.

போஸ்ட்கிரெஸிலும் ஒரு குறை உண்டு. 12-லிருந்து நேராக 16-க்குப் போகிறவர் 13, 14, 15, 16 என்று நான்கு குறிப்புகளிலும் 'மைக்ரேஷன்' (பழைய வெர்ஷனிலிருந்து மாறும்போது கவனிக்க வேண்டியவை) பகுதியைத் தனித்தனியாகப் படித்துத் தானே தொகுக்க வேண்டும். இரண்டு வெர்ஷன்களைத் தேர்ந்தெடுத்தால் நடுவில் உடைந்தவை எல்லாம் ஒரே பக்கத்தில் வரும்படி அவர்களே செய்து தந்தால் ரொம்ப நன்றாக இருக்கும்.