நாலு ஸ்டிக்கர், உள்ளே ஒரே தீவனம்: 46,800 ரூபாய் போச்சு

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் மாட்டுத் தீவனத்தை ஆன்லைனில் வாங்குகிறவர்கள் கொஞ்சம் நின்று இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்குப் போனது 46,800 ரூபாய். ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். அடங்கட்டும் என்று விட்டால் எழுதவே மாட்டேன்.

குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் வீடு. பசு ஏழு நிற்கிறது, பால் வியாபாரத்துக்கு இல்லை, கன்றுக்கு. கன்று குடித்தது போக மிச்சம் வீட்டுக்கு. ஆண் கன்றுகளை வளர்த்து இறைச்சிக்குக் கொடுப்பேன். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் நெருங்கினால் வியாபாரிகள் வீடு தேடி வருவார்கள். இதில் லாபம் நிற்க வேண்டுமென்றால் பசு வருஷத்துக்கு ஒரு கன்று போட வேண்டும். சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். மிச்சமிருக்கிற 85 நாளுக்குள் ஈன்ற பசு உடம்பு தேறி, பருவத்துக்கு வந்து, மறுபடி சினை பிடிக்க வேண்டும். தவறினால் அடுத்த பருவம் வர 21 நாள் காத்திருப்பு. அத்தனை நாளும் தின்கிற தீனி நம் செலவு.

இங்கே மேய்ச்சல் இடமும் இல்லை. ரப்பர் நிழலில் புல் என்ன வளரும்? வைக்கோல் நெல்லைப் பக்கத்திலிருந்து லாரியில் வருகிறது, விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதனால்தான் ஒரு தீவன ஆப்பில் 'பருவத்துக்கேற்ற தீவனம்' என்று விளம்பரம் பார்த்ததும் நம்பரைக் கொடுத்தேன். ஆப்பின் பெயரை எழுதவில்லை, வக்கீல் நோட்டீஸ் வேறு வாங்க வேண்டாம்.

உடனே ஒரு பையன் கூப்பிட்டான். இனிமையான பேச்சு, வார்த்தைக்கு வார்த்தை அண்ணே. வீடியோ காலில் மாட்டைக் காட்டச் சொன்னான். போனைப் பிடித்துக்கொண்டு தொழுவத்தில் ஒவ்வொரு மாடாகச் சுற்றினேன். "அந்தச் சிவப்பிக்கு விலா எலும்பு எண்ணலாம் போல இருக்கே அண்ணே, எத்தனை மாசம்?" என்றான். ஏழு முடிந்து எட்டு என்றேன். "அப்போ இப்பவே தேத்தணும். ஈன்ற பிறகு தேத்த நினைச்சா நடக்காது" என்றான். 

அவன் சொன்னது அத்தனையும் சரி, அதுதான் வயிற்றெரிச்சல். பால் வற்றிய நடுச்சினையில் பசுவுக்குத் தேவை குறைவு, வைக்கோலும் புல்லும் கொஞ்சம் புண்ணாக்குமாக ஓட்டிவிடலாம். கடைசி மூன்று மாதத்தில்தான் கன்றின் எடையில் பெரும்பங்கு ஏறும். கன்று பெருக்கப் பெருக்க வயிற்றில் இடம் குறையும், பசுவால் வைக்கோலை நிறையத் தின்ன முடியாது. அதனால் கொடுக்கிறது கொஞ்சமானாலும் சத்தாக இருக்க வேண்டும். ஈன்ற பிறகு பாலும் சுரக்க வேண்டும், கருப்பையும் ஆற வேண்டும், வருஷத்திலேயே பசி அதிகமான காலம் அதுதான். இதையெல்லாம் எங்கள் ஊர் கால்நடை மருந்தக டாக்டரும் சொல்லியிருக்கிறார். கடைசியில் பையன் ஒன்று சொன்னான்: "உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டே ஆர்டர் போடுங்க அண்ணே, அவசரமில்லை." ஏமாற்றுகிறவன் இப்படிச் சொல்வானா? பணத்தை அன்றைக்கே போட்டேன்.

நடுச்சினைக்கு, கடைசிச் சினைக்கு, ஈன்ற பசுவுக்கு, கன்றுக்கு என்று நாலு வகை. மொத்தம் 26 மூட்டை, மூட்டை 1,800 ரூபாய். முழுப் பணமும் முன்கூட்டியே. டெம்போக்காரர் மழையில் ஜங்ஷனிலேயே இறக்கிவிட்டுப் போனார். வீட்டுக்குச் சுமக்க ஆட்கூலி தனி.

ஒவ்வொரு மூட்டையிலும் கலர் ஸ்டிக்கர்: பச்சை, மஞ்சள், சிவப்பு, நீலம். நம்ம ஊர் ஈரத்தில் பசை நிற்குமா? சிவப்பு ஸ்டிக்கரின் ஓரம் எழும்பி நின்றது. உரித்தேன். அடியில் 'கறவை மாட்டுத் தீவனம்' என்று சாக்கிலேயே அச்சடித்திருந்தது. பச்சையை உரித்தேன், அதே எழுத்து. மஞ்சள், நீலம், எல்லாவற்றிலும் அதே எழுத்து, அதே பேட்ச் நம்பர், அதே தேதி. நாலிலிருந்தும் ஒவ்வொரு கை அள்ளிச் சுளவில் நாலு மூலையில் போட்டுப் பார்த்தேன். தீவனக் குச்சியின் தடிமன், நிறம், வாசம், எதிலும் மாற்றமில்லை. வாளித் தண்ணீரில் ஊறவைத்தால் மேலே உமிச்சக்கை மிதக்கிறது. இந்த மாதிரித் தீவனம் எங்கள் ஜங்ஷன் கடையில் மூட்டைக்கு நானூறு ரூபாய் குறைவு.

நீல ஸ்டிக்கர் கன்றுக்கானது. அதை நினைத்தால்தான் இன்னும் கை நடுங்குகிறது. பெரிய மாட்டுத் தீவனத்தில் யூரியா கொஞ்சம் சேர்ப்பது உண்டு, வளர்ந்த மாட்டின் வயிறு அதைத் தாங்கும். பிறந்து மூன்று மாதம் ஆகாத கன்றுக்கு அசையூண் வயிறே, அதாவது தின்றதை ஊறவைத்துச் செரிக்கிற பெரிய வயிறே, சரியாக உருவாகியிருக்காது. அதற்கு இதையா கொடுப்பான் ஒருத்தன்? என் கன்று ஒன்று கழிந்து கழிந்து துவண்டது. டாக்டர் வந்து பார்த்துத்தான் எழும்பியது. சிவப்பி தேறாமலே ஈன்றாள். கன்று தானாக எழுந்து குடிக்கவில்லை, சீம்பாலைக் கறந்து புட்டியில் கொடுத்தோம்.

கூப்பிட்டேன். "மாடு புதுத் தீவனத்துக்குப் பழகணும் அண்ணே" என்றான் பையன். ஸ்டிக்கர் படத்தை அனுப்பினேன். "சாக்கு மட்டும்தான் பழசு, உள்ளே வேற." அடுத்த தடவை, "நான் இப்ப அந்தக் கம்பெனியில இல்லை அண்ணே." அப்புறம் அந்த நம்பர் என்னை பிளாக் செய்துவிட்டது. கஸ்டமர் கேரில் ஒரு பெண், "சார், மூட்டையைத் திறந்துட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது" என்றார். திறக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும் அம்மா என்றால், லைன் பாட்டுக்குப் போகிறது. பிறகு உங்கள் நீர் சரியில்லாமல் இருக்கலாம் என்று மெசேஜ். கோதையாற்றுத் தண்ணீரைக் குறை சொல்கிறான்! கடைசியில் வந்தது அடுத்த ஆர்டருக்கு 200 ரூபாய் கூப்பன். 46,800 ரூபாய்க்கு 200 ரூபாய்.

எந்தப் பருவத்தில் எவ்வளவு தீனி என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது மனசு இல்லை. இதை மட்டும் பாருங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். ஸ்டிக்கர் ஒட்டிய மூட்டை வந்தால் டெம்போக்காரர் முன்னாலேயே உரித்துப் படம் எடுங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள். சாக்கில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் புரத அளவும் அச்சில் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமிருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனம் சோதிக்கிற ஆய்வகம் இருக்கிறது, மாதிரி அனுப்பலாம். நானும் அனுப்பியிருக்கிறேன். நுகர்வோர் புகாருக்கு 1915, நேற்று பதிவு செய்தேன். கன்றுத் தீவனம் என்று நீல ஸ்டிக்கர் மூட்டை யார் வீட்டிலாவது இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள்.