டிஷ்யூ தாளா, பிளாஸ்டிக் பையா? மொட்டை மாடி வெப்பக்காற்றுப் பலூன்

இந்தக் கோடை விடுமுறையில் நானும் மகளும் மொட்டை மாடியில் மூன்று விதமாகப் பலூன் செய்து பார்த்தோம். செய்தித்தாள், மெல்லிய குப்பைப் பை, பட்டம் ஒட்டுகிற டிஷ்யூ தாள். என் ஓட்டு டிஷ்யூவுக்குத்தான்.

செய்தித்தாள் சின்னப் பலூனுக்கு ஆகாது. ஒரு மீட்டர் விட்டமுள்ள உருண்டைக்கே 140 கிராம் தாள் போய்விடும்; வெளியே 30 டிகிரி, உள்ளே 80 டிகிரி என்றால் அது தூக்குவது சுமார் 85 கிராம். டிஷ்யூ என்றால் பசையோடு சேர்த்து 65 கிராமுக்குள் முடிந்துவிடும்.

பிளாஸ்டிக் பை இன்னும் லேசு. வெட்டி ஒட்டும் வேலை குறைவு, ஈரத்துக்கும் அஞ்சாது. முதல் நாள் அதுதான் சட்டென்று மேலே போனது, மகளுக்கும் அதுதான் பிடித்தது.

ஆனால் பழுது பார்ப்பதில்தான் எல்லாம் மாறியது. சூடான காற்றை ஊதுகிற ஹீட் கன் கொஞ்சம் கிட்டே போனதும் பையின் வாய் சுருங்கி ஓட்டை விழுந்தது. செலோடேப் ஒட்டினால் சூட்டில் பிசின் இளகி நழுவுகிறது, மேலே மேலே ஒட்டினால் எடை ஏறுகிறது. தாள் பலூன் கைப்பிடிச் சுவரில் உரசி ஒரு சாண் கிழிந்தபோது துண்டு டிஷ்யூவை க்ளூ ஸ்டிக்கால் ஒட்டினோம், பத்து நிமிடத்தில் மறுபடி ஏறியது. இப்போது அதில் ஏழு ஒட்டு இருக்கிறது. மைதா பசை வேண்டாம், தண்ணீர் பட்டு டிஷ்யூ சுருங்கிவிடும். இருட்டில் பலூனுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், பலூனுக்காக இதழ் மாதிரி வெட்டி ஒட்டிய எட்டுத் தாள்களும் சேருகிற இடத்தில் ஊசித் துளி ஓட்டைகூட நட்சத்திரம் மாதிரி தெரியும். 1783இல் பிரான்சில் மான்கோல்ஃபியே சகோதரர்கள் பறக்கவிட்டதும் துணிக்கு உள்ளே தாள் ஒட்டிய பலூன்தான், அவர்களுடைய குடும்பத் தொழிலே தாள் தயாரிப்பு.

எதில் செய்தாலும் விடியற்காலையில் விடுங்கள். உள்ளே அதே 80 டிகிரி இருந்தாலும், வெளியே 26 டிகிரியில் 94 கிராம் தூக்குகிற அதே உருண்டை மதியம் 36 டிகிரியில் 74தான் தூக்கும். நெருப்பை உள்ளே கட்டி விட வேண்டாம். கீழிருந்து சூடேற்றி, நூல் கட்டியே விடுங்கள், எங்கே போய் விழும் என்று நம் கையில் இல்லை.

நாங்கள் பார்த்தது கோடையில் மட்டும். மழைக்காலத்து ஈரக் காற்றில் டிஷ்யூ எவ்வளவு தாங்கும் என்பதை ஐப்பசியில் பார்க்க வேண்டும், அதற்காகவே அந்த ஏழு ஒட்டுப் பலூனை மடித்துப் பரணில் வைத்திருக்கிறேன்.