ஓரறைக் கொண்டோவா, நாலறை வீவக வீடா?

சிங்கப்பூரில் முதல் வீடு வாங்கத் தயாராகும் இளம் தமிழ்த் தம்பதியரிடம் பேச்சுக் கொடுத்தால், பெரும்பாலும் இரண்டு தெரிவுகள்தான் விவாதத்துக்கு வரும். ஃபேரர் பார்க், பாலஸ்டியர், காலாங் போன்ற நகர விளிம்புப் பகுதிகளில் ஏறத்தாழ 45 சதுர மீட்டர் பரப்புள்ள ஓரறைக் கொண்டோ, அதாவது ஒரே படுக்கையறை கொண்ட தனியார் அடுக்குமாடி வீடு, ஒன்று. பொங்கோலிலோ தெம்பனிசிலோ 90 சதுர மீட்டரைத் தாண்டும் நாலறை (வரவேற்பறையையும் சேர்த்து எண்ணுவது வழக்கம்) மறுவிற்பனை வீவக வீடு, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடு, மற்றொன்று. வீட்டுக்குள் இடம் குறைந்தால் என்ன, வாசலைத் தாண்டினால் நகரத்தின் கேளிக்கைகள் அனைத்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றனவே என்பதுதான் சிறிய கொண்டோவுக்காக முன்வைக்கப்படும் முதன்மையான வாதம். அந்த வாதம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதைப் பார்க்க வேண்டுமானால், கேளிக்கைகள் உண்மையில் எங்கே உருவாகின்றன, அவற்றை ஒருவர் எத்தனை முறை நாடுகிறார் என்பதிலிருந்து தொடங்குவதே முறை.

நகர மையத்துக்கு அருகில் பெரிய திட்டங்கள் வரிசை கட்டி நிற்கின்றன என்பது உண்மைதான். காலாங்கில் 55,000 பேர் அமரக்கூடிய தேசிய விளையாட்டரங்கம் 2014 முதல் இருக்கிறது. 2024 தொடக்கத்தில் உலகப் புகழ் பெற்ற இசைக் கலைஞர்கள் அங்கே அடுத்தடுத்துப் பல இரவுகள் நிகழ்ச்சி நடத்தினார்கள். அதன் அருகிலேயே குறைந்தது 18,000 இருக்கைகள் கொண்ட புதிய உள்ளரங்கம் வரப்போவதாக 2025இல் அறிவிக்கப்பட்டது. மரினா பே சேண்ட்ஸ் தன் விரிவாக்கத்துக்கு 2025 ஜூலையில் அடிக்கல் நாட்டியது. அதில் 15,000 இருக்கைகள் கொண்ட அரங்கமும் அடங்கும், திறப்பு 2031இல் என்பது திட்டம். செந்தோசாவில் பழைய மீன் காட்சியகத்தைப் போல மூன்று மடங்கு பெரிய சிங்கப்பூர் ஓஷனேரியம் அதே ஜூலையில் திறக்கப்பட்டது. ஆனால் இவை எல்லாம் நுழைவுச்சீட்டு வாங்கி ஆண்டுக்கு ஓரிரு முறை போகும் இடங்கள். ஆண்டில் இரண்டு இரவுகள் இசை நிகழ்ச்சி முடிந்து நடந்தே வீடு திரும்பலாம் என்பதற்காக முப்பது ஆண்டுக் கடனில் கையெழுத்திடுவது எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை.

வாரந்தோறும் நாடும் இடங்களைப் பார்த்தால் படம் மாறுகிறது. நூலகம், நீச்சல் குளம், பூங்கா, உணவங்காடி ஆகிய நான்கும்தான் ஒரு குடும்பத்தின் ஓய்வு நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. கடந்த பத்தாண்டுகளில் இவை குடியிருப்புப் பேட்டைகளை நோக்கியே நகர்ந்திருக்கின்றன. 2017இல் திறக்கப்பட்ட நம் தெம்பனிஸ் நடுவத்தில் நீச்சல் குளங்கள், வட்டார நூலகம், விளையாட்டுத் திடல், கடைகள் என எல்லாம் ஒரே வளாகத்தில் அமைந்துள்ளன. பொங்கோலில் 2023இல் வட்டார நூலகம் வந்தது. 2024 டிசம்பரில் பொங்கோல் கோஸ்ட் எம்ஆர்டி நிலையம் திறந்தது. கடலோரப் பாதையும் கோனி தீவுப் பூங்காவும் அவற்றுக்கு அருகிலேயே இருக்கின்றன. ஆக்டிவ்எஸ்ஜி எனும் பொது நீச்சல் குளங்களுக்கு நுழைவுக் கட்டணம் ஓரிரு வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலர்). ஜூரோங்கில் சீனத் தோட்டமும் ஜப்பானியத் தோட்டமும் புதுப்பிக்கப்பட்டு 2024இல் மீண்டும் திறந்தன. புதிய அறிவியல் நிலையமும் அவற்றுக்கு அருகில்தான் எழுகிறது.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். கேளிக்கை இடங்கள் ஒரே இடத்தில் நிலைத்திருப்பதில்லை. 1971 முதல் ஜூரோங்கில் இருந்த பறவைப் பூங்கா 2023 ஜனவரியில் மூடப்பட்டு, அதே ஆண்டு மண்டாய்க்குப் பெயர்ந்தது. 2025இல் கேத்தே சினிபிளெக்ஸ் திரையரங்குகள் அனைத்தும் மூடப்பட்டன. கலைப்படங்களுக்குப் பெயர் பெற்ற தி புரொஜெக்டர் திரையரங்கமும் அதே ஆண்டு கதவை அடைத்தது. திரையரங்கு பக்கத்தில் என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பி வீடு வாங்கியவருக்கு, அந்தத் திரையரங்கு போன பிறகும் மாதத் தவணை அப்படியேதான் இருக்கும்.

தமிழர்களுக்கு மட்டும் இதில் ஒரு விதிவிலக்கு உண்டு என்பதை மறுக்க மாட்டேன். லிட்டில் இந்தியா வட்டாரத்தின் தேக்கா சந்தை, கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம், தீபாவளி ஒளியூட்டு, ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் தைப்பூச ஊர்வலம் ஆகிய அனைத்தும் ஃபேரர் பார்க் வாசிக்குக் காலாற நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. நாடகம், நடனம், இசை என்று வாரத்தில் பல மாலைகள் ஒத்திகைக்கு ஓடுபவருக்கு இது சிறிய வசதியன்று. ஆனால் 2003இல் தொடங்கிய வடகிழக்கு ரயில் பாதை பொங்கோலையும் லிட்டில் இந்தியாவையும் மாறி ஏற வேண்டிய தேவையே இல்லாமல் இணைக்கிறது. பயணம் ஏறத்தாழ அரை மணி நேரம். ஆகவே ஒப்பீட்டின் மையக் கேள்வியை இப்படிச் சுருக்கலாம்: அந்த அரை மணி நேரத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கணக்குப் பார்ப்பது

எடுத்துக்காட்டுக்காகக் கொண்டோவின் விலையை 11 லட்சம் வெள்ளி என்றும், வீவக வீட்டின் விலையை 6.5 லட்சம் வெள்ளி என்றும் வைத்துக்கொள்வோம். இருவரும் சிங்கப்பூரர்கள், இது அவர்களின் முதல் சொத்து, ஆகவே கூடுதல் முத்திரை வரி இல்லை. அப்படியிருந்தும் கொண்டோவுக்குச் சாதாரண முத்திரை வரி 28,600 வெள்ளி. வீவக வீட்டுக்கு 14,100 வெள்ளி. இரண்டிலும் விலையில் 75 விழுக்காடுவரை கடன் கிடைக்கும். கொண்டோவுக்கு 8.25 லட்சம் வெள்ளி வங்கிக் கடனை 3 விழுக்காட்டு வட்டியில் 30 ஆண்டுகளுக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 3,480 வெள்ளி. வீவக வீட்டுக்கு 4,87,500 வெள்ளியை வீவகவின் 2.6 விழுக்காட்டுக் கடனாக 25 ஆண்டுகளுக்கு எடுத்தால் தவணை ஏறத்தாழ 2,210 வெள்ளி. முதல்முறை வாங்கும் தம்பதியர் வருமான வரம்புக்குள் இருந்தால் நாலறை மறுவிற்பனை வீட்டுக்கு 80,000 வெள்ளிவரை மசேநி (மத்திய சேம நிதி) வீட்டு மானியமும், பெற்றோருக்கு அருகில் குடியேறினால் மேலும் 20,000 வெள்ளியும் கிடைக்கும். கொண்டோவுக்கு இவை எதுவுமில்லை.

இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஓர் இடறல் இருக்கிறது. வீவக வீட்டுக்கான தவணை, மொத்த மாத வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தனியார் வீட்டுக்கு அந்த வரம்பு பொருந்தாது. எல்லாக் கடன்களும் சேர்ந்து 55 விழுக்காட்டைத் தாண்டாமல் இருந்தால் போதும். கடன் தகுதியைக் கணிக்கும்போது வங்கிகள் 4 விழுக்காட்டு வட்டியையும் வீவக 3 விழுக்காட்டையும் அடிப்படையாகக் கொள்வதால், மேற்சொன்ன கொண்டோவுக்கு வேறு கடனில்லாத தம்பதியர் ஏறத்தாழ 7,200 வெள்ளி வருமானம் காட்டினால் போதும். அதைவிட மிக மலிவான வீவக வீட்டுக்கோ ஏறத்தாழ 7,700 வெள்ளி தேவைப்படும். வங்கி கொடுக்கச் சம்மதித்துவிட்டது என்பதைத் தங்களால் தாங்க முடியும் என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்பவர்கள் இந்த இரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. 7,200 வெள்ளி சம்பாதிக்கும் வீட்டில் 3,480 வெள்ளியைத் தவணைக்குக் கொடுத்தபின், நகர மையத்தின் கேளிக்கைகளை அனுபவிக்க என்ன மிஞ்சும்?

பராமரிப்புக் கட்டணத்தில் சிறிய வீட்டுக்காரருக்கு மற்றொரு பாதகம் காத்திருக்கிறது. கொண்டோவில் ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு மதிப்பு என்று ஒன்று ஒதுக்கப்படுகிறது. அதன் அடிப்படையில்தான் நிர்வாகக் குழு கட்டணம் வசூலிக்கும். வழக்கமான வழிகாட்டியின்படி 50 சதுர மீட்டர்வரையுள்ள வீட்டுக்கு 5 பங்கு, 51 முதல் 100 சதுர மீட்டர்வரை 6 பங்கு. அதாவது, 95 சதுர மீட்டர் வீட்டில் நால்வர் வாழும் குடும்பம் 6 பங்கு கட்டும்போது, அதில் பாதி இடம்கூட இல்லாதவர் 5 பங்கு கட்டுகிறார். முப்பது, நாற்பது வீடுகளே கொண்ட சிறிய வளாகமென்றால், மின்தூக்கிப் பழுதும் வெளிச்சுவர் வண்ணப் பூச்சும் அந்தச் சிலரின் தலையில்தான் விழும். அங்கே நீச்சல் குளம் என்று இருப்பதோ பல வேளைகளில் நான்கு முறை கை வீசினால் மறுகரை வந்துவிடும் அளவுதான்.

இடம் என்பது எண் மட்டுமன்று

45 சதுர மீட்டர் என்று ஒப்பந்தத்தில் இருப்பது முழுவதும் நடமாடக் கிடைக்கும் இடமன்று. பால்கனி அதில் சேரும். 2023 ஜூனில் பரப்பளவு கணிக்கும் முறை மாறுவதற்கு முன் அனுமதி கோரிய வளாகங்களில் குளிர்சாதனக் கருவி வைக்கும் திட்டும் சேர்ந்திருக்கும். நகர மறுசீரமைப்பு ஆணையமே இத்தகைய குட்டி வீடுகள் பெருகுவதைக் கட்டுப்படுத்தியிருக்கிறது: நகர மையத்துக்கு வெளியே ஒரு வளாகத்தில் எத்தனை வீடுகள் கட்டலாம் என்பதைக் கணிக்க, 2012இல் வீட்டுக்குச் சராசரி 70 சதுர மீட்டர் என்று வைத்திருந்த அளவை, 2019 ஜனவரி முதல் 85 சதுர மீட்டராக உயர்த்தியது.

நம் வீடுகளில் இடத்தின் தேவை சமையலறையில்தான் முதலில் தெரியும். ஓரறைக் கொண்டோக்களில் பெரும்பாலானவை கதவில்லாத திறந்த சமையலறை கொண்டவை. மீன் குழம்புக்குத் தாளித்த வாசனை படுக்கை விரிப்புவரை போய்த் தங்கிவிடும். தீபாவளிக்கு வரும் உறவினரை இரண்டிரண்டு பேராக முறைவைத்துத்தான் உட்கார வைக்க முடியும். பேறுகால உதவிக்கு அம்மா ஜோகூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வந்து மூன்று மாதம் தங்கினால், தம்பதியருக்கும் அம்மாவுக்கும் நடுவே ஒரு கதவுகூட மிஞ்சாது. விருந்துக்கு வளாகத்தின் நிகழ்வு மண்டபத்தை வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் முன்பதிவும் நேரக் கட்டுப்பாடும் உண்டு. வீவக அடுக்குமாடியின் கீழ்த்தளத் திறந்தவெளியும் அனுமதி பெற்றே பயன்படுத்த வேண்டியதுதான் என்றாலும், திருமணமானாலும் இறுதிச் சடங்கானாலும் நூறு பேருக்கு நாற்காலி போட அங்கே இடமிருக்கிறது.

குடும்பமாக வாழ நினைப்பவர்களுக்கு வீவக வீடே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் விற்கும் நாளை நினைத்துப் பார்த்தால் கொண்டோவுக்கு ஒரு நியாயமான சாதகம் இருக்கிறது, அதை நாம்தான் மற்ற எவரையும்விட நன்கு உணர முடியும். 1989இல் அறிமுகமான இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி ஒவ்வொரு புளோக்குக்கும் வட்டாரத்துக்கும் இன வாரியான உச்சவரம்பு உண்டு. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் வீடு வைத்திருக்கும் இந்தியர், அதைச் சீனருக்கு விற்க இயலாது. வாங்குவோரில் பெரும்பகுதியினர் ஒரேயடியாக விலகிவிடுவதால், காத்திருப்பும் நீளும், விலையும் இறங்கும். நெடுநாள் விற்க முடியாமல் சிக்குண்டவர்களுக்காக வீவகவே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல் வந்தது என்றாலும், அது கடைசிப் புகலிடம்தான். கொண்டோவை யாருக்கும் விற்கலாம். ஆகவே வீவக வீடு பார்க்கப் போகும்போது, பால்கனிக் காட்சியைப் பார்ப்பதற்கு முன் அந்தப் புளோக்கின் இன விகித நிலவரத்தை வீவக இணையத்தளத்தில் பார்த்துவிடுவது பின்னால் கைகொடுக்கும்.

வாடகைக்கு விட்டுப் பணம் பார்க்கலாம் என்ற நோக்கத்தில் சிறிய கொண்டோ வாங்குவோர் சொத்து வரியை மறந்துவிடுகிறார்கள். ஆண்டு மதிப்பு, அதாவது வீட்டுக்கு ஓராண்டில் கிடைக்கக்கூடியதாக மதிப்பிடப்படும் வாடகை, 36,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், உரிமையாளரே குடியிருக்கும்போது 960 வெள்ளியாக இருக்கும் வரி, வாடகைக்கு விட்டதும் 4,800 வெள்ளியாகிவிடும். சுற்றுப்பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடவும் வழியில்லை. தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டப்படி செல்லாது.

மிஞ்சியிருப்பது திருமணமாகாதவர்களின் நிலை. 35 வயதாகும்வரை அவர்கள் தனியாக வீவக வீடு வாங்க முடியாது என்பதால், சொந்த வீடு வேண்டுமென்றால் கொண்டோதான் வழி என்று பலர் 28, 29 வயதிலேயே துணிந்துவிடுகிறார்கள். பணி நகர மையத்தில், மாலைகள் ஒத்திகையிலும் நண்பர்களோடும், சமையல் குறைவு, திருமண எண்ணம் இல்லை என்றால் அந்த முடிவில் நான் பெரிய குறை காண மாட்டேன். ஆனால் இரண்டு ஆண்டுகளில் திருமணம் நடக்கலாம் என்ற வாய்ப்பு இருந்தாலும் கணக்குத் தலைகீழாகும். 2025 ஜூலை 4ஆம் தேதி முதல், வாங்கிய நான்கு ஆண்டுகளுக்குள் விற்றால் விற்பவர் முத்திரை வரி உண்டு. முதல் ஆண்டில் 16 விழுக்காடு, பின்னர் ஆண்டுக்கு 4 விழுக்காடு குறைந்துகொண்டே வரும். விற்ற பிறகும் புதிய பிடிஓ வீட்டுக்கு (வீவக விண்ணப்பம் பெற்றுக் கட்டித்தரும் புதுவீட்டுக்கு) விண்ணப்பிக்க 30 மாதங்கள் காத்திருக்க வேண்டும். 33 வயதைத் தாண்டியவருக்கு வேறு ஒரு தெரிவும் உண்டு: 2024 அக்டோபரிலிருந்து, 35 வயதை எட்டிய ஒற்றையர்கள் முன்புபோல் சில பேட்டைகளில் மட்டுமன்றி எல்லா வட்டாரங்களிலும் வீவகவின் ஈரறை ஃபிளெக்சி (ஒரு படுக்கையறையும் வரவேற்பறையும் கொண்ட) புதுவீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதன் பரப்பு ஓரறைக் கொண்டோவுக்குப் பெரிதும் குறைந்ததன்று. விலையோ அதில் ஒரு பகுதிதான். வருமான வரம்பான 7,000 வெள்ளிக்குள் இருப்பவர்கள் இரண்டு ஆண்டு வாடகை அறையில் பொறுத்திருந்து அந்த வரிசையில் சேர்வதையே நான் பரிந்துரைப்பேன்.