மருந்து எந்த வைரஸுக்குக் கேட்டது?

மலேரியா மாத்திரையை வைரஸ் மீது ஏவிப் பார்த்த கதைகளில் ஒன்று ஊரறிந்தது: கொரோனாவுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின். எபோலாவுக்கு அமோடயாகுயின் என்ற இன்னொன்றைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

முதலாவதின் தொடக்கம் அமர்க்களம். ஆய்வகத்தில் குரங்கின் சிறுநீரகச் செல்களில் மருந்து வைரஸைத் தடுத்தது. அந்தச் செல் வைரஸை ஒரு பைக்குள் விழுங்குகிறது. பையிலுள்ள அமிலம் இருந்தால்தான் வைரஸ் வெளியேறி வேலையைத் தொடங்க முடியும். மருந்து அந்த அமிலத்தைக் குறைக்கிறது. ஆனால் மனித நுரையீரல் செல்லில் வாசலே வேறு. செல்லின் மேற்பரப்பிலுள்ள ஒரு நொதி, வைரஸின் முள் புரதத்தை வெட்டி உள்ளே விட்டுவிடுகிறது. அமிலத்துக்கு அங்கே வேலை இல்லை, மருந்துக்கும் இல்லை.

கொரோனா நோயாளிகளிடம் பல மருந்துகளைச் சோதித்த பிரிட்டனின் ரெகவரி ஆய்வு இந்த மருந்தை 2020 ஜூனில் கைவிட்டது. 28 நாட்களுக்குள் இறந்தவர்கள்: மருந்து பெற்ற 1,561 பேரில் 27 சதவீதம், பெறாத 3,155 பேரில் 25 சதவீதம். இது முதல் சறுக்கலும் அல்ல. இதன் நெருங்கிய உறவான குளோரோகுயின் அதற்கு முன்பே டெங்கு, சிக்குன்குனியா, ஃப்ளூ மூன்றிலும் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டுக் கைவிரித்திருந்தது. 2020 மார்ச்சில், சரவாங்கி மூட்டுவலிக்காக ஹைட்ராக்சிகுளோரோகுயினையே தினமும் சாப்பிடும் என் அத்தைக்கு நான்கு மருந்துக்கடை ஏறி இறங்கியும் ஒரு அட்டை கிடைக்கவில்லை என்ற எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை.

அமோடயாகுயின் கதையில் ஆரவாரமே கிடையாது. 2014 ஆகஸ்டில் லைபீரியாவின் ஃபோயாவில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் எபோலா மையத்தில், மலேரியாவும் சேர்ந்திருக்கலாம் என்று நோயாளிகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மலேரியா மருந்தான ஆர்ட்டிமீத்தர்-லுமெஃபான்ட்ரின் தீர்ந்துபோனது. சில நாட்களுக்கு ஆர்ட்டிசுனேட்-அமோடயாகுயின் கொடுத்தார்கள். பின்னர் கணக்குப் பார்த்தால், வழக்கமான மருந்து எழுதித்தரப்பட்டவர்களில் 64.4 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். மாற்று மருந்துக்காரர்களில் 50.7.

அலமாரி காலியானதால் நேர்ந்த தற்செயல் இது. குலுக்கிப் போட்டுப் பிரித்த சோதனை அல்ல. வழக்கமான மருந்துதான் கெடுதல் செய்ததோ என்றுகூடக் கேட்கலாம். இருந்தாலும் என் ஓட்டு அமோடயாகுயினுக்குத்தான். அதுவும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் குடும்பத்து மருந்து. செல்லுக்குள் நுழைய எபோலாவுக்கு அந்த அமிலப் பைதான் வழி; சுற்றுவழி கிடையாது. சோகம் என்னவென்றால், 2020-இல் எபோலாவுக்கு இரண்டு எதிர்ப்புரத (ஆன்டிபாடி) மருந்துகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டன. மலிவான மாத்திரையைச் சோதிக்க இனி யார் பணம் போடுவார்கள்?