முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கான உடலியக்க மறுவாழ்வுச் சேவை: ஒரு மதிப்புரை

முற்றிய நிலை நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோருக்காக, என் தாயார் சிகிச்சை பெற்ற மருத்துவமனை நடத்திவரும் உடலியக்க மறுவாழ்வுச் சேவையைப் பற்றியது இந்த மதிப்புரை. கீமோதெரபிக்கோ, உடலின் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் இம்யூனோதெரபிக்கோ நோயாளி வரும் நாட்களிலேயே பிசியோதெரபி வல்லுநரும் உணவு ஆலோசகரும் அவரைப் பார்த்துவிடுவதால், அதற்கென்று தனியாக இன்னொரு நாள் அலைய வேண்டியதில்லை. மூச்சிரைப்போடு வாழும் ஒருவருக்கு இது பெரிய ஆறுதல். எனினும், இச்சேவையை நான் உயர்வாக மதிப்பதற்கு முதன்மையான காரணம், கட்டியின் அளவை ஸ்கேனில் பார்ப்பதற்குக் காட்டும் அதே அக்கறையோடு, நோயாளியால் எவ்வளவு நடக்க முடிகிறது என்பதையும் அளந்து, எழுதி, புற்றுநோய் மருத்துவரின் பார்வைக்குக் கொண்டுபோகிறார்கள் என்பதுதான்.

முதல் சந்திப்பின் பெரும்பகுதி ஆறு நிமிட நடைச் சோதனைக்கே செலவாகிறது. 30 மீட்டர் நீளமுள்ள தாழ்வாரத்தில், நோயாளி தம்மால் இயன்ற வேகத்தில் ஆறு நிமிடங்கள் நடக்க வேண்டும். இடையில் நிற்கலாம், சுவரில் சாய்ந்து இளைப்பாறலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. நடைக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் அளவு, நாடித் துடிப்பு, மூச்சுத் திணறலின் கடுமை ஆகியவற்றைக் குறித்துக்கொள்கிறார்கள். இதே சோதனையைப் பரபரப்பான வெளிநோயாளிப் பிரிவின் நடைபாதையில், யாரோ குறுக்கே வர, அவசரமாக நடத்தும் இடங்களும் உண்டு. அப்படிக் கிடைக்கும் அளவை அடுத்த மாத அளவோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. இங்கே தாழ்வாரத்தை அதற்கெனவே ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். கைப்பிடி வலிமையையும், நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து அமரும் திறனையும் அதன்பின் பார்க்கிறார்கள்.

இந்த அளவுகளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்போருக்குச் சொல்ல வலுவான சான்றுகள் இருக்கின்றன. 1940களின் இறுதியில் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவரான கார்னாஃப்ஸ்கியும் அவருடைய சக ஆய்வாளர்களும் நோயாளியின் செயல்திறனுக்கு நூறு வரையிலான மதிப்பெண் அளிக்கும் முறையைப் பயன்படுத்தியதே, நைட்ரஜன் மஸ்டர்டு என்ற தொடக்ககாலக் கீமோதெரபி மருந்து பெற்ற நுரையீரல் புற்றுநோயாளிகளை மதிப்பிடும் பணியில்தான். இன்று பரவலாகப் பயன்படும் ஈகாக் (ECOG) அளவுகோல் அதைவிட எளிமையானது: முழுச் செயல்திறனுக்கு 0, திறன் குறையக் குறைய மதிப்பெண் கூடும். ஆனால் அது மருத்துவரின் கண்மதிப்பு. ஒரே மதிப்பெண் பெற்ற இருவரில் ஒருவர் மாடிப்படி ஏறுவார், மற்றவர் குளியலறை வரை நடப்பதற்குள் களைத்துவிடுவார். 2012இல் வெளியான ஓர் ஆய்வில், பரவிய நிலையிலிருந்த நுரையீரல் புற்றுநோயாளிகளிடம், ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் 50 மீட்டர் கூடும்போது இறப்பு அபாயம் 13 சதவீதம் குறைவாக இருந்தது. 2009இல், பல வகைப் புற்றுநோய்களைச் சேர்ந்த 30 மருத்துவச் சோதனைகளின் தரவுகளை ஒருங்கே ஆராய்ந்தபோது, நோயாளிகள் தாமே நிரப்பிய வினாத்தாளில் உடலியக்கம், வலி, பசியின்மை ஆகியவற்றுக்குக் கிடைத்த மதிப்பெண்களும் ஆயுளை முன்னுணர்த்துவதில் தனிப் பங்கு வகித்தன.

இதைப் படித்துவிட்டு, நடந்தால் ஆயுள் கூடும் என்று யாரும் உறுதி கொடுத்துவிடக் கூடாது. நோய் கடுமையாக இருப்பதாலேயே நடை குறைந்திருக்கலாம். முற்றிய நுரையீரல் புற்றுநோயில் உடற்பயிற்சியைப் பற்றி 2019இல் வெளிவந்த, பல ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, நடைத் திறனும் வாழ்க்கைத் தரமும் மேம்படுவதைக் காட்டியதே தவிர, ஆயுள் நீளுவதை நிறுவவில்லை. அதில் இடம்பெற்ற ஆய்வுகளும் ஆறே ஆறு. இச்சேவையின் பிசியோதெரபி வல்லுநர் இதை மறைக்கவில்லை. “அம்மா, ஆயுளைப் பற்றி நான் வாக்குக் கொடுக்க முடியாது, நீங்களாக எழுந்து நடக்கும் நாட்களைக் கூட்டத்தான் இந்தப் பயிற்சி” என்று என் தாயாரிடமே அவர் நேராகச் சொன்னார். நோயாளியைக் குழந்தைபோல் நடத்தாத அந்த நேர்மையை நான் மறக்கமாட்டேன்.

பயிற்சிகள் எளியவை: நடை, ரப்பர் பட்டையை இழுத்தல், நாற்காலியில் எழுந்து அமர்தல், மூச்சை நிதானப்படுத்தும் முறைகள். எலும்புக்கு நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் தொடங்குவதில்லை. ஒவ்வொரு முறையும் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைச் சரிபார்த்து அதற்கேற்பப் பயிற்சியைக் குறைக்கிறார்கள். எடைக் குறைவை உணவு ஆலோசகர் உடனுக்குடன் கவனித்ததும் குறிப்பிடத்தக்கது, ஏனெனில் தசை கரையும்போது பயிற்சி மட்டும் அதை மீட்டுவிடாது. சில வாரங்களில் என் தாயார் பிறர் துணையின்றிக் குளித்து உடுத்தத் தொடங்கினார். மருந்தும் அதே வேளையில் வேலை செய்துகொண்டிருந்ததால், எது எதனால் என்று பிரித்துச் சொல்ல நான் முயலவில்லை.

குறை என்று பார்த்தால், சேர்க்கை விதிதான் எனக்குக் கடும் வருத்தம் தருவது. ஈகாக் அளவுகோலில் 0 அல்லது 1 பெற்றவர்களை மட்டுமே சேர்த்துக்கொள்கிறார்கள். விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கும் மேல் நடமாடினாலும் வேலைக்குப் போக இயலாத, அதாவது 2 என்ற மதிப்பெண் பெற்றவர்களுக்கு இங்கே இடமில்லை. மருந்துச் சோதனைகள் பெரும்பாலும் பின்பற்றும் வரம்பு அது. மறுவாழ்வுச் சேவை அதைக் கடன் வாங்குவதற்கு எந்த நியாயமும் எனக்குப் புலப்படவில்லை. நடை தளர்ந்தவருக்குத்தானே நடைப்பயிற்சி முதலில் தேவை! படுக்கையருகே செய்யக்கூடிய பயிற்சிகளும், சக்கரம் வைத்த வாக்கரும், களைப்பைப் பங்கிட்டு வேலைகளைச் செய்யும் முறையும் அவர்களுக்கும் பயன்படும்.

வீட்டிலிருக்கும் நாட்களில் தொடர்புகொள்ள வழியில்லை என்பது இன்னொரு குறை. வாரந்தோறும் அறிகுறிகளை இணையவழி தெரிவித்த நுரையீரல் புற்றுநோயாளிகளின் இடைநிலை ஆயுள் (அதாவது, அவர்களில் பாதிப்பேர் உயிரோடிருந்த காலம்), வழக்கமான கண்காணிப்பில் இருந்தோரைவிட நீண்டதாகப் பிரான்சில் நடந்த சோதனை காட்டியிருக்கிறது. அவ்வளவு விரிவான ஏற்பாடு இல்லாவிட்டாலும், திடீரென்று மூச்சுத் திணறல் கூடினால் அழைக்க ஒரு தொலைபேசி எண்ணாவது கொடுத்திருக்கலாம்.

இந்தக் குறைகளோடும் இச்சேவையை நான் பரிந்துரைக்கிறேன். சேர விரும்புவோர், முதல் சுற்று மருந்து ஏறுவதற்கு முன்பே நடைச் சோதனையைச் செய்துவிடுமாறு புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். பரிந்துரைக் கடிதம் அவரிடமிருந்துதான் வர வேண்டும், அது பெரும்பாலும் தாமதமாகத்தான் வருகிறது.