ககேத்தி திராட்சைத் தோட்டச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் முன்

வளைகுடாவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பெருநாள் விடுமுறைக்கு ஜார்ஜியா போய்வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. துபாயிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் அதன் தலைநகர் திபிலிசியில் இறங்கிவிடலாம். அப்படிப் போகிறவர்களைக் குறிவைத்து, ‘ககேத்தி ஒயின் சுற்றுலா’ என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுக்களில் தமிழிலேயே விளம்பரம் செய்து ஆள் சேர்க்கும் ஒரு வகை முகவர்களைப் பற்றியும், அங்கே அவர்கள் நம்மை ஒப்படைக்கும் ஓட்டுநர்களையும் வீடுகளையும் பற்றியும் எச்சரிக்கவே இதை எழுதுகிறேன். கடந்த ஜூன் மாதம் என் குடும்பம் இவர்களிடம் பணத்தை இழந்தது. பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று மலைப்பாதையில் நேராமல் போனது, நாங்கள் வண்டியில் ஏற மறுத்ததால்தான்.

ககேத்தி என்பது ஜார்ஜியாவின் கிழக்கு மாகாணம். வடக்கே காகசஸ் மலைத்தொடர் பனியோடு நிற்க, அதன் அடிவாரத்தில் அலசானி ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் திராட்சைத் தோட்டங்கள் பரந்திருக்கின்றன. அந்நாட்டு ஒயினில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது. க்வெவ்ரி எனப்படும் பெரிய மண்தாழியைக் கழுத்துவரை நிலத்தில் புதைத்து, பிழிந்த சாற்றைத் தோல், விதை, காம்போடு அதில் மாதக்கணக்கில் ஊறவிடும் முறையை 2013-இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. திபிலிசிக்குத் தெற்கே அகழ்ந்தெடுத்த பானை ஓடுகளில் ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒயினின் எச்சம் இருந்ததை 2017-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இவற்றையெல்லாம் பல மாதங்கள் படித்து, பிள்ளைகளுக்கும் சொல்லி, ஆசையோடு நாங்கள் கிளம்பினோம். என் கணவர், நான், பிள்ளைகள், மாமியார், கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த கொழுந்தனார், ஓரகத்தி என்று ஒரு சிற்றுந்து நிறையும் கூட்டம்.

முகவர் துபாயில் இருப்பவர், தமிழர். தலைக்கு 220 திர்ஹம் வாங்கினார். அதற்குள் சிக்னாகி ஊர், அலவெர்தி மடாலயம், சினந்தலியில் உள்ள 19-ஆம் நூற்றாண்டு மாளிகை, இரண்டு ஒயின் ஆலைகள், இரண்டிலும் சுவைபார்ப்பு, மதிய உணவு, மாமியாருக்குத் தனியாகச் சைவ உணவு ஆகிய எல்லாமே அடங்கும் என்று எழுத்திலேயே தந்தார். ‘அங்கே போய் வேறு எதற்காவது பணம் கொடுக்க வேண்டுமா?’ என்று நான் கேட்டதற்கு, “ஒரு ரூபா கூட வேண்டாம் அக்கா, எல்லாம் நான் பார்த்துக்கிறேன்” என்று குரல் பதிவு அனுப்பினார். அந்தப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒயின் ஆலைகளின் பெயரைக் கேட்டபோது மட்டும், கூட்டத்தைப் பொறுத்துக் காலையில்தான் முடிவாகும் என்றார். பெயர் சொல்லாத ஆலை என்பது இந்த ஏமாற்றின் முதல் அடையாளம் என்பதை இப்போது உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் ககேத்தியில் முறையாக நடக்கும் ஆலைகளும் மரானி என்று அவர்கள் சொல்லும் சிறு குடும்ப நிலவறைகளும் முன்பதிவை நேரம் குறித்து, பெயர் எழுதித்தான் ஏற்கின்றன.

விளம்பரப் படத்தில் கறுத்துக் கனிந்த கொத்துகளும், கூடை நிறையத் திராட்சை பறிக்கும் பெண்களும், தொட்டியில் பழம் மிதிக்கும் குழந்தைகளும் இருந்தார்கள். ககேத்தியில் அறுவடை செப்டம்பரில் தொடங்கி அக்டோபர் வரை நடப்பது; ரிட்வெலி என்று அதைத் திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். ஜூனில் கொடியில் பூ உதிர்ந்து பச்சைப் பிஞ்சுதான் நிற்கும். அதைத் தெரிந்துகொண்டே ஜூன் பயணத்துக்கு அந்தப் படத்தைப் போட்டு, ‘தோட்ட அனுபவம்’ என்று கட்டணத்திலும் ஒரு பங்கைச் சேர்த்திருந்தார்கள்.

காலையில் வண்டி ஒரு மணி நேரம் பிந்தி வந்தது. வழியில் தேன், உலர்பழம், கொட்டைகளை நூலில் கோத்துத் திராட்சைச் சாற்றுக் கூழில் தோய்த்த சுர்ச்கேலா மிட்டாய் விற்கும் சாலையோரக் கடைகளில் ஒவ்வொன்றாக நிறுத்தி நேரத்தைக் கரைத்த ஓட்டுநர், சிக்னாகியில் இருபது நிமிடம்தான் என்று அவசரப்படுத்தினார். இரண்டாம் எரெக்லே மன்னர் காலத்துக் கோட்டைச்சுவர் மேல் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கப் பிள்ளைகள் ஏறுவதற்குள் திரும்பச் சொல்லிவிட்டார். அலவெர்தி இன்று மூடியிருக்கிறது என்றார். அது திறந்துதான் இருந்தது என்பது, அன்று அங்கே போய்வந்த வேறொரு தமிழ்க் குடும்பத்தை மறுநாள் விடுதியில் சந்தித்தபோது தெரிந்தது. 11-ஆம் நூற்றாண்டுப் பேராலயமும், துறவிகள் இன்றும் க்வெவ்ரியில் ஒயின் வடிக்கும் நிலவறையும் உள்ள இடம் அது. எங்கள் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்த்திருந்ததும் அதுதான். சினந்தலியைப் பற்றி அவர் பேசவே இல்லை.

ஆலை என்று எங்களை இறக்கிவிட்டது தெலாவிக்குப் போகும் வழியில் ஒரு கிராமத்து வீட்டில். பலகை கிடையாது, விலைப்பட்டியல் கிடையாது. முற்றத்தில் சிமெண்டுத் தரையில் க்வெவ்ரி வாய்கள் வரிசையாகப் பதித்திருந்தன. அவற்றில் பல நூறு லிட்டர் ஒயின் ஊறுவதாக வீட்டுக்காரர் விளக்கினார். கொழுந்தனார் ஒரு மூடியைத் தூக்கிப் பார்த்தார். முழங்கை ஆழத்துக்குக் கீழே சிமெண்டுதான் இருந்தது. உண்மையான பெருந்தாழி ஆள் உள்ளே இறங்கிக் கழுவும் அளவு ஆழமானது. ஜூனில் அது ஒயின் எடுக்கப்பட்டு வெறுமையாக இருக்கலாம், அதில் தவறில்லை, ஆனால் தாழியே இல்லாமல் வாய் மட்டும் இருப்பது படம் எடுக்க வருகிறவர்களுக்காகச் செய்த வேலை.

ஒயினை நான் ஒவ்வொன்றாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கேதான் எதையும் அறியாதவர் என்று நம்மை முடிவு செய்துகொண்டு துணிந்து பொய் சொல்கிறார்கள். முதலில் ‘ஆறு மாதம் தோலோடு ஊறிய ரிகாட்சிடெலி’ என்று ஊற்றியது தண்ணீர் போல வெளிறியிருந்தது. ரிகாட்சிடெலி வெள்ளைத் திராட்சையே ஆனாலும், தோலோடு அத்தனை காலம் ஊறினால் ஒயின் தேன் நிறத்தையோ செம்பொன் நிறத்தையோ எட்டிவிடும், நாக்கிலும் துவர்ப்புத் தங்கும். அதுதான் ககேத்தி முறையின் முத்திரை. அடுத்து வந்த ‘சபெராவி’யோ கண்ணாடிக் குவளையின் மறுபுறம் விரல் தெரியும் அளவுக்கு நீர்த்திருந்தது. சபெராவி தோல் மட்டுமல்லாமல் சதையும் சிவந்த அரிய வகை என்பதால், அதன் ஒயின் கருஞ்சிவப்பாக உதட்டிலேயே சாயம் பிடிக்கும். மூன்றாவதாக, ‘இந்த வீட்டுக்குப் பின்னாலுள்ள கொடிகளில் விளைந்த ஹ்வான்ச்காரா’ என்று ஓர் இனிப்பு ஒயினைக் கொடுத்தபோது என் ஐயம் முழுவதும் தீர்ந்துவிட்டது. ஹ்வான்ச்காரா என்ற பெயர், நாட்டின் மேற்கே ராச்சா மலைப்பகுதியில் அலெக்சாந்த்ரௌலி, முஜுரெத்துலி என்னும் இரு வகைத் திராட்சைகளிலிருந்து வரும் ஒயினுக்கு மட்டுமே சட்டப்படி உரியது. ககேத்தி வீட்டுக் கொல்லையில் அது விளையாது. ககேத்திக்கு உரிய இனிப்புச் சிவப்பு ஒயின் கிண்ட்ஸ்மராவுலி. அதுவும் க்வாரெலி வட்டாரத்துச் சபெராவியில், சர்க்கரை முழுவதும் நொதிப்பதற்குள் குளிரூட்டி நிறுத்திச் செய்வது.

இதை நான் மெதுவாகக் கேட்டதும் வீட்டுக்காரர் பேச்சை மாற்றி, விருந்துக்கு வாழ்த்துச் சொல்லத் தொடங்கினார். ஜார்ஜியர் விருந்தில் தமாதா என்ற ஒருவர் எழுந்து முன்னோருக்கும், குழந்தைகளுக்கும், வந்த விருந்தாளிக்கும் வாழ்த்துக் கூறிக் குவளையை உயர்த்துவது அவர்களுடைய அழகான மரபு. மறுப்பது மரியாதைக் குறைவு என்று ஓட்டுநர் எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். என் கணவரும் கொழுந்தனாரும் மரியாதைக்காகக் குவளையைக் கையில் ஏந்திய ஒவ்வொரு முறையும் கணக்கில் ஏறியது என்பது பிறகுதான் வெளிப்பட்டது. விருந்தோம்பலை இப்படிப் பணம் பறிக்கும் வழியாக்கியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மாமியாருக்குச் சைவம் என்று வைத்தது ரொட்டியும் தக்காளியும் வெள்ளரியும். நோன்பு நாட்களில் புலால் தவிர்க்கும் பழக்கத்தால் அந்நாட்டில் வால்நட் அரைத்துச் சேர்த்த கீரை உருண்டை, கத்தரிக்காய்ச் சுருள், மசித்த பயறு என்று சைவ உணவுக்குப் பஞ்சமே கிடையாது. திபிலிசியில் எந்தச் சிற்றுணவகத்திலும் அவை எங்களுக்குக் கிடைத்தன.

முடிவில் ஒரு காகிதத்துண்டில் 640 லாரி என்று எழுதி நீட்டினார்கள். லாரி என்பது அந்நாட்டு நாணயம். அன்றைய மாற்றில் ஏறத்தாழ 860 திர்ஹம். முதல் மூன்று சிறு குவளைகளுக்கு மட்டுமே முகவர் பணம் கட்டியிருக்கிறார், மற்றக் குவளைகள், நிலவறைப் பார்வை, பாட்டுப் பாடியவர்கள், உணவு எல்லாம் தனி என்றார்கள். முகவரின் குரல் பதிவை ஒலிக்கவிட்டோம். ஓட்டுநர் தமக்குத் தமிழ் தெரியாது என்று விலகி நின்றார். அட்டை இயந்திரம் பழுது, ரொக்கம்தான் வேண்டும், கணக்கு முடியாமல் வண்டி எடுக்க முடியாது என்றார்கள். பிள்ளைகளும் வயதானவரும் உடனிருக்க, வெளியே வேறு வண்டியும் இல்லாத கிராமத்தில், பணத்தைக் கொடுத்தோம். ரசீது கேட்டும் தரவில்லை. அதற்கு மேலும், ஆறு புட்டிகள் கொண்ட பெட்டி ஒன்றை வாங்கியே ஆக வேண்டும் என்று கொழுந்தனாரை நெருக்கினார்கள். இந்தியாவுக்குத் திரும்பும் ஒருவர் இரண்டு லிட்டர் மதுவைத்தான் தீர்வையின்றிக் கொண்டுபோக முடியும், அந்தப் பெட்டியிலோ நாலரை லிட்டர் இருந்தது. இதைச் சொல்லி மறுத்து, ஒரே ஒரு புட்டியோடு தப்பினோம். மறுநாள் திபிலிசியில் ஒரு ஒயின் கடைக்காரர் அதை முகர்ந்து சுவைத்துவிட்டு, சர்க்கரை கரைத்த மலிவுச் சரக்கு என்று வருத்தத்தோடு சொன்னார். நாங்கள் அதற்குக் கொடுத்த 90 லாரிக்கு அவர் கடையில் பெயரும் ஆண்டும் அச்சிட்ட நல்ல சபெராவி இரண்டு புட்டி கிடைத்தது.

இதையெல்லாம்விட மோசமானது ஒன்று உண்டு. நாங்கள் கணக்கோடு வாதாடிக்கொண்டிருந்தபோது ஓட்டுநர் வீட்டுக்காரரோடு சமையற்கட்டில் உட்கார்ந்து சாச்சா குடித்துக்கொண்டிருந்ததை ஓரகத்தி பார்த்தாள். சாச்சா என்பது பிழிந்த சக்கையைக் காய்ச்சி வடிக்கும் மிகக் கடுமையான சாராயம். தெலாவியிலிருந்து திபிலிசிக்குக் குறுக்கு வழி கொம்போரிக் கணவாய். 1,600 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும் வளைவுப் பாதை, அதுவும் இருட்டப்போகும் நேரம். நாங்கள் ஏற மாட்டோம் என்று உறுதியாக நின்றோம். அவர் கத்தினார், எங்கள் பைகளைத் தெருவில் இறக்கி வைத்தார். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர், எங்கள் மொழி ஒரு சொல்லும் தெரியாதவர், குழந்தைகளுக்குத் தண்ணீர் கொடுத்துத் தம் கைப்பேசியில் தெலாவியிலிருந்து இரண்டு டாக்சிகளை வரவழைத்தார். ஒரு காசும் வாங்க மறுத்துவிட்டார். ககேத்தி மக்களை நான் அந்த அம்மாளை வைத்துத்தான் நினைக்கிறேன். அந்த ஏமாற்று வீட்டை வைத்து அல்ல.

துபாய் திரும்பியதும் முகவரிடம் எழுத்திலேயே முறையிட்டேன். அங்கே எல்லாரும் அப்படித்தான் வாங்குவார்கள் என்றார். குழுவில் நான் எழுதியதை நீக்கினால் ஐந்தில் ஒரு பங்கைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். மறுத்ததும் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். அடுத்த விடுமுறைக்கு அதே பழுத்த திராட்சைப் படத்தோடு விளம்பரம் ஓடிக்கொண்டிருப்பதாகத் தோழி ஒருத்தி சொன்னாள்.

ஆகவே ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் இன்றே அவருக்கு எழுதி, எந்த ஆலை, எத்தனை வகை ஒயின், எத்தனை குவளை, உணவில் என்ன, கூடுதல் கட்டணம் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். பெயர் வந்தால் அந்த ஆலையையே தொலைபேசியில் அழைத்து உங்கள் முன்பதிவு இருக்கிறதா என்று சரிபாருங்கள். பெயர் வராவிட்டால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். இனிப் போகிறவர்கள் முகவரை விட்டுவிட்டு, திபிலிசியிலிருந்து சிக்னாகிக்கோ தெலாவிக்கோ தாங்களே போய் ஓர் இரவு தங்கினால், விலைப்பட்டியலைச் சுவரில் ஒட்டி, புட்டியைக் கண்முன் திறந்து, பெயர்ச்சீட்டைக் காட்டி ஊற்றும் மரானிகள் அங்கேயே கிடைக்கும். குடித்த ஓட்டுநர் எவரானாலும் வண்டியில் ஏறாதீர்கள். அவசர உதவிக்கு அந்நாட்டில் எண் 112.